சிமுலேட்டருக்கு எந்த பிசி? வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல, பிசில விமானம் ஓட்டற ஃப்ளைட் சிமுலேட்டர் பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்களைப் பாத்தா இந்த மாசம் முழுக்க இதையே எழுதலாம் போல. முக்கால்வாசி கேள்வி "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்" ரகம். பேர் போட வேண்டாம்னு பல பேர் கேட்டிருக்கீங்க (வீட்ல தெரிஞ்சா திட்டு விழும்னு ஒருத்தர் காரணமும் எழுதியிருக்கார்), அதனால எல்லாருக்கும் ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

ஈரோடு வாசகர்: அண்ணா வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 ஓட்டறதுக்காகவே புது பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். பட்ஜெட் ஒன்னேகால் லட்சம், பழைய 1080பி மானிட்டர் கையில இருக்கு. கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு போட்டுக்கோங்க, ப்ராசசர் ஐ3 போதும், கேமுக்கு கார்டுதான் எல்லாம்னு சொல்றார். சரியா?

மத்த கேமுக்கு அவர் சொல்றது ஓரளவு சரி தம்பி, இதுக்கு சரிப்படாது. துப்பாக்கி கேம்ல ஒரு மைதானம், பத்து இருபது ஆளு, அவ்ளோதான் கணக்கு, மிச்ச வேலை எல்லாம் கார்டோடது. இங்க ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (ஸ்கிரீன்ல மாறி மாறி வர்ற ஒவ்வொரு படத்துக்கும்) முன்னாடி றெக்கை மேல காத்து எப்படிப் போகுதுங்கற கணக்கு, இன்ஜின், ஹைட்ராலிக், எலக்ட்ரிக்கல், காக்பிட்ல எரியற அத்தனை டிஸ்ப்ளே, வானிலை, சுத்தி பறக்கற மத்த விமானங்க, கீழ புதுசு புதுசா வந்து இறங்கற நிலம் எல்லாத்தையும் ப்ராசசர் முடிச்சுக் குடுத்தாத்தான் கார்டு வரையவே ஆரம்பிக்கும். அதுல பெரிய பங்கு மெயின் த்ரெட்னு ஒரே ஒரு வரிசையில ஓடுது. பந்தில பரிமாற பத்து பேர் நின்னாலும் சாம்பார் வாளி ஒன்னுதான்னா எப்படியோ அப்படித்தான், உங்க ப்ராசசர்ல 16 கோர் (தனித்தனியா வேலை செய்யற பகுதி) இருந்தாலும் அந்த ஒரு கோர் எவ்ளோ வேகமோ அவ்ளோதான் சிமுலேட்டர் வேகம். 2006ல வந்த எஃப்எஸ்எக்ஸ் காலத்துலேர்ந்தே இந்தக் கதைதான், 2024 வெர்ஷன்ல வேலையை நிறைய கோருக்குப் பிரிச்சுக் குடுத்து நல்லாவே முன்னேத்தியிருக்காங்க, ஆனா மெயின் த்ரெட் ஒழிஞ்சு போகல.

இதுல உங்க மானிட்டர் 1080பி வேற. அதுல மொத்தம் 20 லட்சத்து சொச்சம் பிக்சல், 4கேல கிட்டத்தட்ட 83 லட்சம். 1080பில 5070 மாதிரி கார்டுக்கு பெருசா வேலையே இருக்காது, ஐ3 மூச்சு வாங்கிட்டு இருக்க, கார்டு பாதி நேரம் கை கட்டி நிக்கும். கம்பெனிக்காரங்களே 2024க்கு குடுத்த லிஸ்டைப் பாருங்க, ரெகமண்டட்னு போட்டிருக்கறது இன்டெல் ஐ7 10700கே இல்லாட்டி ஏஎம்டி ரைசன் 7 2700எக்ஸ், கூட ஆர்டிஎக்ஸ் 2080 இல்லாட்டி ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, 32 ஜிபி ரேம். ஐடியல் லிஸ்ட்ல ஐ7 14700கே, ரைசன் 9 7900எக்ஸ், 64 ஜிபி ரேம்னு போகுது. ஐ3ங்கற பேச்சே எங்கயும் இல்ல.

சிம் (அதான் சிமுலேட்டர்) ஓட்டறவங்க கூடற இடத்துல எல்லாம் "எக்ஸ்3டி, எக்ஸ்3டி"னு ஒரு மந்திரம் காதுல விழும், ப்ராசசருக்குள்ளயே கேஷ்ங்கற குட்டி வேக மெமரியை கூடுதலா வச்ச ஏஎம்டி மாடல்ங்களோட பேர் அது, அதுல நிஜமாவே விஷயம் இருக்கு. சாதா ரைசன் 7 7700ல எல்3 கேஷ் 32 எம்பி, 2023 ஏப்ரல்ல வந்த 7800எக்ஸ்3டில 96 எம்பி. சிமுலேட்டர் மெமரில அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு ஓயாம தேடிட்டே இருக்கற ஜாதி, ப்ராசசர் பாதி நேரம் கணக்கு போடறதில்ல, ரேம்லேர்ந்து டேட்டா வரட்டும்னு காத்துட்டு இருக்கு. கேஷ் பெருசா இருந்தா அந்தக் காத்திருப்பு குறையுது, அதனால கிளாக் ஸ்பீட் கொஞ்சம் கம்மியா இருந்தாக்கூட எக்ஸ்3டி முந்திடுது. 2024 நவம்பர்ல வந்த 9800எக்ஸ்3டி இன்னும் வேகம்.

ஆனா உங்க பட்ஜெட்ல எக்ஸ்3டியும் நல்ல கார்டும் சேந்து வராது, அதனால நான் சொல்றது ரைசன் 5 7600, பி650 போர்டு. அந்த போர்டுல ப்ராசசர் உக்கார்ற ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரைக்குமாவது தொடருவோம்னு ஏஎம்டியே சொல்லியிருக்கறதால ரெண்டு வருஷம் கழிச்சு போர்டைக் கழட்டாம ப்ராசசரை மட்டும் எக்ஸ்3டிக்கு மாத்திக்கலாம். கார்டு 16 ஜிபி மெமரி இருக்கற ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, இல்ல ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. இங்க ஒரு சூட்சுமம் இருக்கு, இந்த ரெண்டு பேர்லயுமே 8 ஜிபி மாடலும் வருது, பெட்டி ஒரே மாதிரி இருக்கும், பில்லுல 16னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. 8 ஜிபில பெரிய ஏர்போர்ட்டும் கனமான விமானமும் சேந்துச்சுன்னா கார்டு மெமரி நிரம்பி வழியும், அப்போ செகண்டுக்கு 45 ஃப்ரேம்ல போய்ட்டிருந்தது ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா இறங்கற கடைசிக் கட்டத்துல) திரும்பின உடனே ஒத்தை இலக்கத்துக்கு வந்துரும், செட்டிங் எதைக் குறைச்சாலும் சிமை மூடித் திறக்கற வரைக்கும் சில சமயம் மீளாது.

என்விடியாவா (ஆர்டிஎக்ஸ்) ஏஎம்டியா (ஆர்எக்ஸ்)ன்னா இந்த ஒரு சிமுக்கு நான் என்விடியா பக்கம் கொஞ்சம் சாய்வேன், காரணம் டிஎல்எஸ்எஸ், கம்மி பிக்சல்ல வரைஞ்ச படத்தை ஏஐ வச்சு பெருசாக்கிக் காட்டற வித்தை. அதுலயும் குறை இல்லாம இல்ல, பழைய டிஎல்எஸ்எஸ்ல ஆல்டிட்யூட் டேப்ல (உயரம் காட்டற பட்டையில) நம்பர் உருளும்போது பின்னாடி வால் மாதிரி ஒரு மங்கல் இழுத்துட்டே போகும், புது மாடல்ல அது நிறைய குறைஞ்சிருக்கு. ஃப்ரேம் ஜெனரேஷன்னு ஒன்னு இருக்கு, அது நடுவுல ஃப்ரேமை உருவாக்கி சொருகறது, அடிப்படையில 35, 40 ஃப்ரேம் இருந்தா அதை வழவழன்னு ஆக்கும், 15 ஃப்ரேமைத் தூக்கி நிறுத்தும்னு மட்டும் நம்பாதீங்க.

ரேம் 32 ஜிபி, ரெண்டு 16ஆ. ஒரே குச்சியா போட்டா சிங்கிள் சேனல்ல ஓடி பேண்ட்வித் பாதியாயிரும். 2025 கடைசியிலேர்ந்து ரேம் விலை எகிறிக் கிடக்கு, அதனாலதான் மொத்தக் கணக்கை நான் ரூபாயில எழுதல, இன்னிக்கு எழுதினா நாளைக்கே பொய்யாயிடும். இடிக்குதுன்னா கண்ணாடி கேபினெட், கலர் கலரா எரியற ஃபேன் எல்லாத்தையும் வெட்டுங்க, ரேம்ல கை வைக்காதீங்க. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 650 வாட், 80 ப்ளஸ் முத்திரை இருக்கற உருப்படியான பிராண்டு. கேபினெட்டோட ஃப்ரீயா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸை கடைக்காரர்கிட்டயே குடுத்துட்டு வந்துருங்க.

நாகர்கோவில் வாசகர்: ரைசன் 5 3600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ரேம் வச்சிருக்கேன். சிம் 2020 வெர்ஷன். ஊர் பக்கம் குட்டி விமானம் செஸ்னாவுல சுத்தினா பரவால்ல, லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல ஏ320 பயணிகள் விமானத்தை இறக்கும்போது திக்குது. கார்டை மாத்திடலாமா?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி சிமுலேட்டர்கிட்டயே கேளுங்க, அதுவே சொல்லிடும். ஜெனரல் ஆப்ஷன்ஸ்ல டெவலப்பர் மோடை ஆன் பண்ணுங்க, ஸ்கிரீன் மேல ஒரு மெனு பட்டை வரும், அதுல டீபக், அதுக்குள்ள டிஸ்ப்ளே எஃப்பிஎஸ். மூலையில ஒரு பெட்டி திறக்கும், ஃப்ரேம் எண்ணிக்கை, அதுக்குக் கீழ "லிமிட்டட் பை மெயின் த்ரெட்" இல்லாட்டி "லிமிட்டட் பை ஜிபியு"னு ஒரு வரி. கூடவே சிபியுக்கு (ப்ராசசர்) எத்தனை மில்லிசெகண்ட், ஜிபியுக்கு (கார்டு) எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னும் காட்டும். 30 ஃப்ரேம் வேணும்னா எல்லா வேலையும் 33 மில்லிசெகண்டுக்குள்ள முடியணும், எது அதைத் தாண்டுதோ அதான் குற்றவாளி. செஸ்னாவுல ஊர் பக்கம் ஒரு தடவை பாருங்க, அப்புறம் ஹீத்ரோ கேட்ல ஏ320 உள்ள உக்காந்து ஒரு தடவை பாருங்க. நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா ஹீத்ரோவுல மெயின் த்ரெட்னுதான் வரும்னு எனக்குத் தோணுது. இன்னும் சந்தேகமா இருந்தா ரெண்டர் ஸ்கேலிங்கை (கார்டு வரையற பிக்சல் அளவை) 100லேர்ந்து 50க்கு இறக்கிப் பாருங்க, படம் கேவலமா மங்கிப் போகும், அப்பவும் ஃப்ரேம் ஏறலைன்னா கார்டு மேல பழி போடறதுல அர்த்தமே இல்ல.

மெயின் த்ரெட்னு உறுதியாச்சுன்னா காசு செலவில்லாம பண்ண வேண்டியது முதல்ல. டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயில் (நிலம் எவ்ளோ நுணுக்கமா தெரியணும்ங்கற செட்டிங்) 200ல வச்சிருந்தீங்கன்னா 100க்கு கொண்டு வாங்க, சில பேர் இறங்கும்போது 70 வரைக்கும் வைப்பாங்க. ஏர்போர்ட்ல நிக்கற வண்டிங்க, ஆளுங்க, மத்த விமானங்க இதையெல்லாம் குறைங்க. கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்னு ஒரு செட்டிங் இருக்கு, காக்பிட் டிஸ்ப்ளே எவ்ளோ அடிக்கடி மாறணும்ங்கறது, அதை மீடியம் ஆக்குங்க, ஏ320ல ஆறு டிஸ்ப்ளே இருக்கறதால அதுக்கு நல்லாவே பலன் தெரியும்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியை அமுக்குங்க. ஸ்பீட்னு போட்ட இடத்துல 2133, 2400னு ஏதாச்சும் இருந்து, உங்க ரேம் குச்சி மேல 3200னு ஒட்டியிருந்தா, வாங்கின நாள்லேர்ந்து நீங்க காசு குடுத்த வேகத்தை தொட்டதே இல்லன்னு அர்த்தம். பயாஸுக்குள்ள (போர்டோட அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்கை, ஆன் பண்ணணும், அசெம்பிள் பண்ணித் தர்றவங்க பாதி பேர் இதை செய்யறதில்ல. உங்க ரைசன்ல உள்ளுக்குள்ள கோர் தொகுதிகளையும் மெமரியையும் கோக்கற தடமே ரேம் வேகத்தோட கட்டுப்பட்டுத்தான் ஓடுது, அதனால இந்த ஒரு மாத்தத்துக்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இவ்ளோ பண்ணியும் பத்தலைன்னா அதே போர்டுல 5700எக்ஸ்3டி இல்ல 5800எக்ஸ்3டி போடுங்க, இதுலயும் 96 எம்பி கேஷ்தான். புதுசு கிடைக்கறது கஷ்டமாயிடுச்சு, செகண்ட்ஹேண்ட்ல பில்லோட வந்தா விடாதீங்க. ரெண்டு எச்சரிக்கை. பயாஸ் அப்டேட்டை பழைய ப்ராசசர் இருக்கும்போதே பண்ணிடுங்க, அந்த அஞ்சு நிமிஷத்துல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துரும், யூபிஎஸ் இல்லாம தொடாதீங்க. 3600 கூட வந்த குட்டி கூலர் 5800எக்ஸ்3டிக்கு தாங்காது, ஒரு நல்ல டவர் கூலர் சேத்து கணக்கு போடுங்க.

கார்டு கடைசி. 1660 சூப்பர்ல 6 ஜிபி இருக்கு, டிஎல்எஸ்எஸ் வேலை செய்யாது, ஆனா 1080பில மீடியம் செட்டிங்குக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டும். மத்தபடி 60 ஃப்ரேம் வந்தே ஆகணும்னு அடம் பிடிக்காதீங்க, விமானத்துல நம்ம தலை திருப்பற வேகம் வேற, துப்பாக்கி கேம் வேகம் வேற, ஆடாம அசையாம 30 வந்தா தாராளம். 50க்கும் 22க்கும் நடுவுல குதிச்சுட்டே இருந்தாத்தான் தொல்லை, ரன்வேக்கு 30 அடி மேல மூக்கைத் தூக்கற நேரத்துல ஒரு திக்கு திக்கினா கை தன்னால ஸ்டிக்கை அதிகமா இழுத்துரும், அப்புறம் தவளை மாதிரி ரன்வேல குதிக்கறதுதான். 30ல லாக் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க.

தஞ்சாவூர் வாசகி: ஹாஸ்டல்ல இருக்கேன், டெஸ்க்டாப் வைக்க முடியாது. ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் போதுமா? இப்ப இருக்கறது கார்டே இல்லாத சாதா லேப்டாப்.

போதும், ஆசையை அளவா வச்சுக்கிட்டா. லேப்டாப் 4050ல 6 ஜிபிதான் மெமரி, அதனால டெக்ஸ்சர் (நிலம், விமானம் மேல ஒட்டற படங்களோட தெளிவு) மீடியத்துலதான் வைக்கணும். லேப்டாப் கார்டுல ஒரு பேர் மயக்கம் உண்டு, 4060னு ஒரே பேர்ல 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும் வருது, மெலிசா அழகா இருக்கற லேப்டாப்ல இருக்கற 4060ஐ, தடியா இருக்கற லேப்டாப்ல இருக்கற 4050 சில சமயம் முந்திடும். டிஜிபி (கார்டு எடுத்துக்கற மொத்த பவர்) எத்தனை வாட்னு கேளுங்க, விக்கறவருக்குத் தெரியலைன்னா அந்தக் கம்பெனி சைட்ல மாடல் நம்பர் போட்டுப் பாருங்க. ரேம் 16 ஜிபியோட வாங்கினாலும் இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கற மாடலாப் பாருங்க, போர்டோட ஒட்டின ரேம்னா பின்னாடி ஏத்தவே முடியாது. பேட்டரில ஓட்டாதீங்க, பாதி சக்திகூட வராது. மெத்தை மேல வச்சு ஓட்டாதீங்க, அடியில காத்து போற வழி அடைஞ்சு சூடேறி ப்ராசசர் தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும், பின்பக்கத்துக்கு ரெண்டு தடி புக்கை முட்டுக் குடுத்தாலே நல்லா வித்தியாசம் தெரியும். 30 ஃப்ரேம்ல லாக் பண்ணா சூடும் கம்மி, ஃபேன் சத்தமும் கம்மி, ரூம்மேட் சண்டையும் வராது.

வாங்கற வரைக்கும் இப்ப இருக்கற லேப்டாப்லயே ஃப்ளைட்கியர்னு ஒரு சிம் போட்டுப் பாருங்க, முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், பழைய மெஷின்லயும் செட்டிங்கைக் குறைச்சா ஓடும். படம் பழைய காலத்து மாதிரிதான் இருக்கும், ஆனா டேக்ஆஃப், சர்க்யூட் (ரன்வேயைச் சுத்தி வர்றது), லேண்டிங் கத்துக்க செஸ்னா 172 போதும்தானே.

தேனி பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர்: எங்க ஊர்ல ஃபைபர் லைன் இல்ல, மொபைல் ஹாட்ஸ்பாட்தான், தினம் 2 ஜிபி. 2024 ஓடுமா?

ஓடாதுன்னு வச்சுக்கோங்க. 2024ல இன்ஸ்டால் சைஸ் 50 ஜிபின்னு போட்டிருக்கறதைப் பாத்து அப்பாடா சின்னதா இருக்கேன்னு ஏமாறக் கூடாது, 2020க்கு 150 ஜிபி இடம் கேட்டாங்க, இதுல குறைஞ்சதுக்குக் காரணமே விமானம், ஏர்போர்ட், நிலம் எல்லாத்தையும் ஓட்ட ஓட்ட நெட்லேர்ந்து இழுக்கறதுதான். நெட் வேகம் குறைஞ்சபட்சம் 10 எம்பிபிஎஸ், ரெகமண்டட் 50 கேக்கறாங்க. 50 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்துல ஒரு மணி நேரம் இழுத்தா 22 ஜிபி. எப்பவும் அப்படி இழுக்காதுதான், கடல் மேல போகும்போது ஒன்னும் பெருசா வராது, ஆனா பெரிய நகரத்து மேல தாழப் பறந்தா உங்க 2 ஜிபி கொஞ்ச நேரத்துலயே காலி. 2024 நவம்பர் 19ல இது ரிலீஸ் ஆன அன்னிக்கே சர்வர் தாங்காம பல பேர் லோடிங் ஸ்கிரீன்லயே மணிக்கணக்கா உக்காந்திருந்தாங்க, நல்ல ஃபைபர் வச்சிருந்தவங்களும் சேத்துத்தான்.

உங்களுக்கு எக்ஸ்-பிளேன் 12ங்கற இன்னொரு சிம் சரியா வரும். அதுல இன்ஸ்டாலர்லயே உலக மேப் வரும், எந்தப் பகுதி வேணுமோ அதை மட்டும் டிக் பண்ணி ஒரு தடவை இறக்கிட்டா போதும், அப்புறம் ஓட்ட ஓட்ட நிலத்தை நெட்லேர்ந்து இழுக்காது. பக்கத்து டவுன்ல யாராச்சும் சொந்தக்காரங்க வீட்ல ஃபைபர் இருந்தா மெஷினைத் தூக்கிட்டுப் போய் ஒரு ராத்திரி போட்டு எடுத்துட்டு வந்துருங்க. சாட்டிலைட் போட்டோ மாதிரி நிலம் தெரியாது, வீடும் ரோடும் தோராயமா நட்டு வச்ச மாதிரி இருக்கும், ஆனா விமானம் பறக்கற உணர்வு இதுல நல்லா இருக்குன்னு சொல்ற கூட்டம் பெருசு, நானும் அந்தக் கட்சிதான். இதுவும் ப்ராசசரை நம்பற சாதிதான், மேல ஈரோட்டுக்காரருக்கு சொன்னது அப்படியே பொருந்தும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், இலவச டெமோவும் உண்டு, காசு போடறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல அதைப் போட்டு எத்தனை ஃப்ரேம் வருதுன்னு பாத்துடுங்க.

டிஸ்க் பத்தி கேக்கல, இருந்தாலும் சொல்றேன், எந்த சிமா இருந்தாலும் பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்ல போடாதீங்க, என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி வாங்குங்க. ஃப்ரேம் ஏறாது, லோடிங் நேரமும் நடுவுல வர்ற திக்கலும் குறையும்.

கோயம்புத்தூர் வாசகர்: இப்ப கீபோர்டுல ஓட்டறேன். யோக் (ஸ்டீயரிங் மாதிரி இருக்கறது) வாங்கறதா, ஜாய்ஸ்டிக் வாங்கறதா? ரட்டர் பெடல் (மூக்கை இடது வலதா காலால திருப்பறது) அவசியமா?

இந்த மூட்டையிலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா ஒன்னேகால் லட்சம் போட்டு மெஷின் கட்டிட்டு கீபோர்டுல அம்புக்குறி தட்டி விமானம் ஓட்டறவங்களை நான் பாத்திருக்கேன். கீபோர்டுல ஒரு தட்டுக்கு இவ்ளோன்னு படிப்படியாத்தான் போகும், கால் இன்ச் இழுத்து அப்படியே பிடிக்கற வித்தை அதுல நடக்காது, அதனால லேண்டிங் என்னிக்கும் கைக்கு வராது. பட்ஜெட் இறுக்கமா இருந்தா கார்டுல ஒரு படி இறங்கி ஸ்டிக் வாங்குங்கன்னுதான் சொல்வேன்.

எதை ஓட்டறீங்கங்கறதைப் பொறுத்துத்தான் யோக்கா ஸ்டிக்காங்கறது. இண்டிகோ மாதிரி ஏ320 ஆசைன்னா ஸ்டிக், ஏர்பஸ்ல இருக்கறதே சைட்ஸ்டிக்தான். செஸ்னா, இல்ல ஆகாசா ஓட்டற 737னா யோக். ரெண்டும் ஓட்டணும்னா ஸ்டிக்கே வாங்குங்க, மேஜைல இடம் கம்மி, விலையும் கம்மி, யோக்னா மேஜை விளிம்புல கிளாம்ப் போட்டு இறுக்கணும், கண்ணாடி மேஜை, மெலிசான பிளைவுட்டுல மாட்டினா ஆடும்.

வாங்கும்போது உள்ள என்ன சென்சார்னு பாருங்க. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ மாதிரி விலை குறைஞ்சதுல பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும், உள்ள ஒன்னோட ஒன்னு உரசிட்டே இருக்கறதால நாளாக நாளாக தேஞ்சு, ஸ்டிக்கைத் தொடாமலேயே விமானம் மெல்ல ஒரு பக்கம் சாயும், நீங்க காத்துன்னு நினைச்சு ட்ரிம் பண்ணி சமன் செஞ்சுட்டு இருப்பீங்க. செட்டிங்ல டெட்ஜோன் (நடுவுல வர்ற சின்ன அசைவைக் கண்டுக்காத இடம்) கொஞ்சம் வச்சா சமாளிக்கலாம். த்ரஸ்ட்மாஸ்டர் டி16000எம்ல முக்கியமான ரெண்டு அச்சுக்கும் ஹால் சென்சார், காந்தத்துல வேலை செய்யறது, உரசலே இல்ல, பல வருஷம் உழைக்கும். இன்னொரு வசதி, அதை இடது கைக்கும் மாத்தி அமைக்கலாம். ஏர்பஸ்ல கேப்டன் உக்காற்றது இடது சீட், இடது கையில சைட்ஸ்டிக், வலது கையில த்ரஸ்ட் லீவர். ரெண்டு மூணு நாள் கை தடுமாறும், பழகிடுச்சுன்னா விட மனசு வராது.

பெடல் இப்பவே வேண்டாம். இந்த ரெண்டு ஸ்டிக்குலயும் திருகினா ரட்டர் வேலை செய்யும், செஸ்னா டேக்ஆஃப்ல ஃபுல் பவர் குடுத்த உடனே மூக்கு இடது பக்கம் இழுக்கும், அதை வலது ரட்டர் குடுத்து நேரா வைக்கக் கத்துக்க அது போதும். குறுக்குக் காத்துல இறக்கிப் பழகற கட்டம் வந்ததும் பெடல் வாங்குங்க, கையும் காலும் தனித்தனியா வேலை செய்யறது அப்போதான் தேவைப்படும்.

நடு வானத்துல ஸ்டிக் திடீர்னு செத்துப் போகுதுன்னு இன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. ரிப்பேர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்னுலயும் பவர் மேனேஜ்மெண்ட் போய், கரண்ட் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்னு இருக்கற டிக்கை எடுத்துருங்க. ஆட்டோபைலட் போட்டுட்டு அரை மணி நேரம் ஸ்டிக்கைத் தொடாம இருந்தா விண்டோஸ் அதைத் தூங்க வச்சுருது, பெரும்பாலும் அவ்ளோதான் விஷயம்.

சேலம் வாசகர்: மூணு மானிட்டரா, விஆரா (கண்ணுல மாட்டிக்கற ஹெட்செட்)? சுத்தி பாக்கணும்.

ரெண்டுக்கும் முன்னாடி ஓப்பன்ட்ராக். இலவச சாஃப்ட்வேர், சாதா வெப்கேமை வச்சே உங்க தலை திரும்பறதைப் பாத்து காக்பிட் பார்வையைத் திருப்பும், நீங்க லேசா இடது பக்கம் திரும்பினா உள்ள நல்லாவே திரும்பற மாதிரி வச்சுக்கலாம், கண்ணு ஸ்கிரீனை விட்டு விலகாது. ரன்வேயைப் பாத்துட்டே பேஸ் லெக்ல (ஃபைனலுக்கு முந்தின கட்டத்துல) திரும்பறது இது இருந்தா எவ்ளோ சுலபம்னு பாருங்க. மூணு மானிட்டர்ல கார்டுக்கு மட்டும் இல்லாம ப்ராசசருக்கும் சுமை கூடும். விஆர் அனுபவம் வேற ரகம்தான், மறுக்கல, ஆனா ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா வரையணும், 12 ஜிபிக்குக் குறைஞ்ச கார்டோட அந்தப் பக்கம் போகாதீங்க.

திருநெல்வேலி வாசகர்: 600 விஏ யூபிஎஸ் இருக்கு, புது கேமிங் பிசிக்கு அதுவே போதுமா?

600 விஏன்னு போட்டிருந்தா நிஜமா தாங்கறது 360 வாட் பக்கம்தான். சிம் ஓடும்போது ப்ராசசரும் கார்டும் மானிட்டரும் சேந்து அதைத் தொட்டுரும், கரண்ட் போற அந்த நொடியில யூபிஎஸ் கீங்னு கத்திட்டு தானும் அணைஞ்சுரும். 1100 விஏக்கு மேல போங்க. நல்ல எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சின்னு ஒன்னு இருக்கும், சிலது சல்லிசான யூபிஎஸ் குடுக்கற கட்டம் கட்டமான கரண்டை ஏத்துக்காம அணைஞ்சு போகும், கைக்கு எட்டினா ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ் வாங்குங்க.

மதுரையிலேர்ந்து ஒரு அப்பா: ப்ளஸ் டூ படிக்கற மகன் பைலட் ஆகணும்கிறான், ரெண்டு லட்சத்துக்கு சிமுலேட்டர் செட்டப் கேக்கறான். படிப்புக்கு உதவும்ங்கறான். வாங்கிக் குடுக்கலாமா சார்?

உதவும் சார், ஆனா அவர் சொல்ற வழியில இல்ல. கமர்ஷியல் பைலட் லைசன்ஸுக்கு டிஜிசிஏ (விமானத் துறையை கவனிக்கற மத்திய அரசு அமைப்பு) கேக்கற 200 மணி நேரத்துல வீட்டு பிசில ஓட்டின ஒரு நிமிஷம்கூட சேராது. எக்ஸ்-பிளேனுக்கு அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ அங்கீகாரம் உண்டுன்னு மகன் சொல்லலாம், அது தனியா ப்ரொஃபஷனல் லைசன்ஸும் அங்கீகரிச்ச ஹார்டுவேரும் சேந்து இருக்கற பயிற்சி மெஷினுக்கு, நம்ம வீட்டு செட்டுக்கு இல்ல. செக்லிஸ்ட் பழக்கம், மீட்டர்களைப் பாத்தே பறக்கறது, ஏடிசி (கன்ட்ரோல் டவர்) பேச்சு காதுல ஏர்றது, இதுக்கெல்லாம் நிஜமாவே பலன் இருக்கு. ஆனா அதுக்கு நியூயார்க் கட்டடமெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிய வேண்டியதில்ல, மேல ஈரோட்டுத் தம்பிக்கு சொன்ன மெஷின்ல கார்டை ஒரு படி இறக்கி, எக்ஸ்-பிளேன், ஒரு ஸ்டிக், பின்னாடி ஒரு பெடல், ரெண்டு லட்சம் ஆகாம பாத்துக்கலாம். கிராபிக்ஸ் அழகா இருக்கணும்னா அது விளையாட்டு, அதுல தப்பில்ல, அதைப் படிப்புக் கணக்குல எழுத வேண்டாம்னு மகன்கிட்ட சொல்லுங்க.

இன்னொன்னு, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி டிஜிசிஏ பட்டியல்ல இருக்கற டாக்டர்கிட்ட கிளாஸ் 2 மெடிக்கல் எடுத்துடுங்க. கண்ணு, காது, நிறம் பிரிச்சுப் பாக்கறது எல்லாம் அதுல தெரிஞ்சுரும். ரிப்போர்ட் கைக்கு வந்தப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்க, அன்னிக்கு என்ன விலை விக்குதோ அதுக்குத் தகுந்த லிஸ்ட் போட்டுத் தர்றேன்.